பாட்டைப் போட்டுவிட்டால் மட்டும் இங்கிலீஷ் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில், ஆங்கிலப் பாடல் வீடியோக்களை வகுப்பில் போட்டுக் காட்டினால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தானாகவே சரளமாக இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்கிற மாதிரி ஒரு கட்டுரை வந்திருந்தது. எண்ணம் நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதிலும் கடைசி சில வருடங்கள் இதே பாட்டு வீடியோக்களோடு மல்லுக்கட்டியவன். கட்டுரை பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிட்டது. விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்தத் "தானாகவே" என்பதை எடுத்துவிடுவோம். 1969இல் வந்த ஆராதனா இந்திப் படத்தின் பாட்டுகளை முணுமுணுக்காத இளவட்டம் அந்தக் காலத் தமிழ்நாட்டில் குறைவு. என் சித்தப்பா ஒருவர் இன்றைக்கும் வரி பிசகாமல் பாடுவார், கண்ணை மூடிக் கேட்டால் வடநாட்டுக்காரர் என்றே நினைப்பீர்கள். அவரையே டெல்லி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள், வாய் திறக்காது. இப்போது அவர் பேத்தி பி.டி.எஸ். என்ற தென்கொரியப் பாட்டுக் குழுவின் பாட்டுகளைக் கொரிய மொழியில் ஒரு எழுத்து விடாமல் பாடுகிறாள். கொரியாவில் இறங்கினால் அவள் கதையும் அதேதான். பாட வருவது வேறு, பேச வருவது வேறு. இது தெரியாமல் ஸ்மார்ட் போர்டில் யூடியூபைத் திறந்து வைத்துவிட்டு வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால், அன்றைக்கு நடந்தது பாட்டுக் கச்சேரிதான், பாடம் இல்லை.

சரி, அப்போது பாட்டு எதற்கு? வாயைத் திறக்க வைப்பதற்கு. எட் ஷீரன் என்ற ஆங்கிலேயப் பாடகரைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், 2025 பிப்ரவரியில் சென்னை ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வந்து பாடினார், ஏ.ஆர்.ரஹ்மானும் மேடை ஏறினார். ஷீரனுக்குச் சின்ன வயதில் திக்குவாய். எமினெமின் ராப் ஆல்பம் ஒன்றை முழுக்க மனப்பாடம் செய்து, அந்த வேகத்துக்குச் சொல்லிச் சொல்லியே திக்கல் போனது என்று 2015இல் நியூயார்க்கில் திக்குவாய்க்கான அமைப்பு ஒன்றின் விழாவில் அவரே சொன்னார். நம் பிள்ளைகள் பலருக்கு இங்கிலீஷ் விஷயத்தில் இருப்பதும் ஒரு வகைத் திக்கல்தான். வார்த்தை தெரியும், இலக்கணம் கூட ஓரளவு தெரியும், ஆனால் எழுந்து நின்றால் தொண்டையில் அடைக்கும், பின்னாலிருந்து எவனாவது சிரிப்பானோ என்ற பயம். நாற்பது பேரோடு சேர்ந்து தாளத்துக்கு ஒரு வரியைச் சொல்லும்போது அந்தப் பயம் இல்லை. தப்பு வந்தாலும் கூட்டத்தோடு கோவிந்தா. பாட்டின் முதல் உபயோகம் இதுதான், இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இரண்டாவது உபயோகம் காதுக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்கள் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் மொழியில் எழுத்துக்கு எழுத்து கணக்கு உண்டு, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, யாரையும் ஒரேயடியாக விழுங்கிவிடுவதில்லை. இங்கிலீஷ்காரன் அப்படி இல்லை. "வாட் ஆர் யூ கோயிங் டு டூ" என்று நாம் ஆறு வார்த்தையையும் வரிசையில் நிறுத்தி மரியாதையாகச் சொல்வோம். அவன் முதல் வார்த்தையையும் கடைசி வார்த்தையையும் அழுத்திவிட்டு நடுவில் இருக்கிற நாலு பேரையும் மென்று தின்றுவிட்டு "வாட்ச்சா கனா டூ" என்பான். நம் பிள்ளை நோட்ஸில் படித்தது முதலாவது, காதில் விழுவது இரண்டாவது. இரண்டும் ஒன்றுதான் என்றே அதற்குத் தெரியாது. "அவங்க பேசுறது புரியல சார்" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், வார்த்தை தெரியாமல் இல்லை. பாட்டில் இந்த மென்று தின்கிற வேலை தாளத்தோடு நடக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், யூடியூபில் வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. "டர்ன் இட் ஆஃப்" என்ற மூன்று வார்த்தையும் பேச்சில் "டர்னிட்டாஃப்" ஆகிறது. பிள்ளைகள் இதைப் பெரிய அதிசயமாகப் பார்ப்பார்கள். பக்கத்து வகுப்பில் தமிழய்யா நன்னூல் எடுக்கும்போது "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று சொல்லிக்கொடுத்த அதே சங்கதிதானே இது? பால் ஆடை பாலாடை ஆகவில்லையா? மெய்யெழுத்தில் முடிகிற சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்குகிற சொல் ஒட்டிக்கொள்கிறது. புணர்ச்சி விதியைப் படித்த பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச்சின் இந்தப் பகுதி ஏற்கெனவே வீட்டுச் சொத்து. நான் போர்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன், அப்புறம் பாட்டைப் போட்டு எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று காதால் பிடிக்கச் சொல்வேன். ஒரே பாட்டில் ஏழெட்டு இடம் பிடித்துவிடுவார்கள். அதே மாதிரி நாம் பஸ்ஸு, காரு, புக்கு என்று வால் முனையில் ஒரு குட்டி உகரத்தை ஒட்டுவதும், ஸ்கூலுக்கு முன்னால் ஒரு இகரத்தை வைத்து இஸ்கூல் ஆக்குவதும். பாட்டில் அந்த உகரத்துக்கு இடமே இருக்காது, சேர்த்தால் தாளம் தவறும். வாத்தியார் திருத்துவதைவிடத் தாளம் திருத்துவது மேல், யார் மனமும் நோகாது.

ஆனால் கட்டுரையாளர் கவனிக்காத ஒரு ஆபத்தும் இங்கேயே இருக்கிறது. பாட்டில் ராஜா மெட்டுதான். பேச்சில் குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதை அர்த்தம் முடிவு செய்யும், பாட்டில் அதை மெட்டு முடிவு செய்யும். கேள்வியாக இருக்கிற வரியில் மெட்டு கீழே இறங்கினால் குரலும் கீழேதான் போகும், ஒரு அசையை மூன்று விநாடி இழுக்கச் சொன்னால் இழுத்தே ஆகவேண்டும். இதை அப்படியே பேச்சுக்குக் கொண்டுபோனால் பிள்ளை பேசுவது பாடுவது மாதிரியே இருக்கும். அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு: பாடிய வரியைப் பாடாமல் சொல்ல வேண்டும். மெட்டைக் கழற்றிவிட்டு, நண்பனிடம் போனில் பேசுகிற மாதிரி, அப்புறம் கோபமாக, அப்புறம் கெஞ்சுகிற மாதிரி. ஒரு வரி ஒருத்தி கேட்க, அடுத்த வரியை இன்னொருத்தி பதிலாகச் சொல்ல. முதலில் சிரிப்பாகச் சிரிப்பார்கள், நாலாவது ஜோடி எழும்போது யாரும் சிரிக்கமாட்டார்கள், அடுத்து தங்கள் முறை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சத்தமே இல்லாமல் பாட்டு காட்டுவது. பாடல் வீடியோவின் பெரிய பலமே அது மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு கதை சொல்லிவிடுகிறது என்பதுதான், வெறும் பாட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. பனிமலையில் எடுத்த ஒரு வீடியோவை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு முதல் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தினேன். என்ன நடக்கிறது என்று கேட்டேன். மௌனம். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், ஹீ பேக் கேரி சார்." நான் தப்பு என்று சொல்லவில்லை. "எஸ், ஹீ இஸ் கேரியிங் எ பேக். வாட் இஸ் இன் த பேக்?" என்றேன். "டிரெஸ் சார்", "லேப்டாப் சார்", ஒருவன் "பிரியாணி சார்". வகுப்பே அதிர்ந்தது. அதற்குள் ஒரு பெண், அந்த வருடம் முழுக்க என்னிடம் இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் பேசாத பெண், "நோ சார், ஸ்வெட்டர். இட் இஸ் வெரி கோல்டு தேர்" என்றாள். ஹவ் டு யூ நோ என்றேன். "ஸ்மோக் இஸ் கமிங் ஃப்ரம் ஹிஸ் மவுத் சார்." கவனியுங்கள், அவள் ஒரு காரணத்தைச் சொல்லி வாதாடுகிறாள், இங்கிலீஷில். பாடப் புத்தகத்தில் உரையாடலைப் படித்துக் காட்டச் சொன்னால் இது வருமா? அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொன்னால் இன்னும் பேசுவார்கள், மிச்சத்தை ஓட்டியதும் "நான் சொன்னேன் பார்த்தியா" சண்டை வேறு, அந்தச் சண்டையையும் இங்கிலீஷில் போடச் சொல்லலாம்.

இதையெல்லாம் செய்தபிறகுதான் சத்தம். முதல் தடவை எழுத்து வேண்டாம், கண் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் காது தூங்கிவிடும். இரண்டாம் தடவை வரிகள் ஓடட்டும், ஆனால் இங்கிலீஷ் வரிகள், தமிழ் மொழிபெயர்ப்பு கூடாது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.-இன் பிரிஜ் கோத்தாரி 1990களிலேயே இதைத்தான் சொன்னார்: சினிமாப் பாட்டு டிவியில் ஓடும்போது, பாடுகிற அதே மொழியில் வரிகளை அடியில் காட்டுங்கள், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படிக்கப் பழகுவார்கள் என்று. குஜராத்திப் பாட்டுகளில் தொடங்கி தூர்தர்ஷனின் சித்ரஹார் என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி வரைக்கும் அது போனது. காதில் விழுகிற "கனா"வும் திரையில் இருக்கிற "கோயிங் டு"வும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் பிடிபடுகிற இடம் இதுதான். ஒரே எச்சரிக்கை, யூடியூப் தானாகப் போடுகிற எழுத்துகளை நம்பாதீர்கள். பாட்டு என்றால் அது கண்டபடி உளறும்.

எந்தப் பாட்டு என்று இளைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எங்கள் காலத்துப் பயிற்சி வகுப்புகளில் கார்பென்டர்ஸ் என்ற பழைய அமெரிக்கக் குழுவின் பாட்டுகளைத்தான் சொல்வார்கள், உச்சரிப்பு கண்ணாடி மாதிரி இருக்கும், இன்றைக்குப் போட்டால் "சார், இது உங்க கல்யாணப் பாட்டா" என்று கேட்பான். பிள்ளைகளையே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து வாத்தியார் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். மிதமான வேகம், கதை இருக்கிற வீடியோ, திரும்பத் திரும்ப வருகிற ஒரு பல்லவி, இவ்வளவு போதும். அமெரிக்கக் குரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பி.டி.எஸ். பையன்கள் முழுக்க இங்கிலீஷில் பாடிய பாட்டு 2020இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. அவர்களில் நன்றாக இங்கிலீஷ் பேசுகிற ஆர்.எம்., அம்மா வாங்கிக்கொடுத்த ஒரு அமெரிக்க டிவி தொடரின் டிவிடிகளைப் பார்த்துப் பேசக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். கொரியாக்காரருக்கு வந்த வாய் ஆரணிக்காரனுக்கு வராதா என்று வகுப்பில் கேட்டால், அது நூறு அறிவுரைக்குச் சமம்.

மறுப்புகளும் இருக்கின்றன, தெரியும். பாட்டில் இலக்கணம் தப்பாக இருக்கிறதே என்பார்கள். "டஸன்ட்" வர வேண்டிய இடத்தில் "டோன்ட்", ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை, "எயின்ட்". இருக்கட்டுமே, நம் சினிமாப் பாட்டில் மட்டும் தொல்காப்பியமா வாழ்கிறது? தப்பைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், வெள்ளைக்காரன் பாட்டில் தப்புக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். கெட்ட வார்த்தை, ஆபாசம் என்ற மறுப்பு மட்டும் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ராப் பாட்டுகளில் அது சர்வசாதாரணம். வானொலிக்காக வார்த்தைகளை நீக்கிய வடிவம் பல பாட்டுகளுக்கு உண்டு, அதைத் தேடலாம். அதைவிட முக்கியம், வாத்தியார் வீட்டில் உட்கார்ந்து வீடியோவை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பார்த்துவிட்டு வர வேண்டும். வரிகள் சுத்தமாக இருந்து காட்சி கோணலாக இருப்பது நிறைய. நேரலையில் யூடியூபைத் திறக்கவே கூடாது, நடுவில் எந்த விளம்பரம் வந்து குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

காதல் பாட்டா என்று ஒரு அப்பா எச்.எம். அறைக்கே வந்துவிட்டார். உட்கார வைத்து, என்ன செய்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்ட கேள்வி காதலைப் பற்றியது இல்லை. "அதெல்லாம் சரி சார், இது பரீட்சைக்கு வருமா?"

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கேட்டதுதான் இந்த மாநிலத்தில் இங்கிலீஷ் பேச்சின் மொத்தப் பிரச்சினையும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்து, 25 மதிப்பெண் செய்முறை. சோதனைக் குழாயைக் கையில் பிடிக்கத் தெரியுமா என்று பார்க்க ஒரு தேர்வு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்து. ஒரு பிள்ளை வாயே திறக்காமல், ஒரு வாக்கியம்கூட காதால் கேட்டுப் புரிந்துகொள்ளாமல், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கலாம், வாங்குகிறது. அப்புறம் கல்லூரி முடித்து கேம்பஸ் இன்டர்வியூவில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் விழிக்கிறது, நாம் பிள்ளையைக் குறை சொல்கிறோம். சி.பி.எஸ்.இ.-யில் பேச்சையும் கேட்டலையும் சோதிக்க ஏ.எஸ்.எல். என்று ஒன்றைப் பத்து வருடத்துக்கு முன்பே கொண்டுவந்தார்கள். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது என்பது வேறு கதை, ஆனால் மார்க் என்று ஒன்று வந்ததும் பள்ளிகள் அதற்கு ஒரு பீரியடாவது ஒதுக்கின.

பொதுத்தேர்வில் உடனே கை வைக்கச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கலாம், அது பள்ளி அளவிலான தேர்வுதானே. பத்து மதிப்பெண் பேச்சுக்கு. ஒரு வீடியோவில் ஒரு நிமிடத்தைச் சத்தமில்லாமல் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டால் போதும், ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். ஐம்பது பேர் இருக்கிற வகுப்பு என்றாலும் நூற்றைம்பது நிமிடம், நாலு பீரியடில் முடிந்துவிடும். நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வசதியும் இல்லாமல் இல்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் போட்டிருக்கிறார்கள், வரிசையாகக் கம்ப்யூட்டர், ஹெட்போன் எல்லாம். பெரும்பாலும் ஆன்லைன் வினாடி வினாவுக்கும் பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதள வேலைக்கும்தான் அது திறக்கிறது, மற்ற நேரம் சாவி எச்.எம். மேஜை டிராயரில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பாட்டுக் கேட்பதால் பேச்சு வராது, அதை வீட்டில் செல்போனில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பேச எதிரில் ஒரு ஆள் வேண்டும். ஒரு திரை, நல்ல ஸ்பீக்கர் ஒன்று, வீடியோவை நிறுத்துகிற பட்டனில் கை வைத்தபடி ஒரு வாத்தியார். எங்கள் ஊர்ப் பக்கம் நெட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே கல்வித் துறையே உரிய அனுமதி வாங்கி, ஆசிரியர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த இருபது முப்பது வீடியோக்களை லேப் சர்வரில் ஏற்றிவிட்டால் ஆளாளுக்குப் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, டைம்டேபிள் போடுகிறவர்களுக்கு. பாட்டுதானே என்று இதைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் போடாதீர்கள். அது விளையாட்டு பீரியட். அதைப் பிடுங்கினால் பையன்கள் எட் ஷீரனையும் வெறுப்பார்கள், இங்கிலீஷையும் வெறுப்பார்கள். செவ்வாயோ புதனோ, காலையில், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு நாற்பது நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்